சரித்திரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

(தஞ்சை மாவட்டத்துச் சர்க்கார் கலைக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை மாணவர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சரித்திரம் படிப்பவர்கள் கூடியிருக்கும் இடத்தில் பேச நம்மை அழைத்திருக்கிறீர்கள். நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு இயக்க வேலைக்கு வந்துவிட்டோம். உங்களில் எம்.ஏ. படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சோழர் காலத்தைப் பற்றியோ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியோ இங்கே நாம் பிரசங்கம் செய்வதாக இல்லை. உங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள், இதை வைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறீர்கள்?

இந்த விஷயத்தில் நமக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் நம்மை ஒரு கேள்வி மடக்கிவிட்டது. அந்த வீட்டுப் பையன் இதே கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். இங்கேதான் இருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லமாட்டோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மாமன் மகன், "வந்துவிடு, சம்பளமும் உண்டு, தங்க இடமும் உண்டு" என்று போன் செய்திருக்கிறார். பையனுக்கு இரண்டு பேப்பர் அரியர். போகலாமா, இருக்கலாமா என்று வீட்டில் பேச்சு. நாம் நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி விஷயமாக அந்தத் தெருவுக்குப் போயிருந்தோம். தாயார் நம்மைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தோழரே, இவன் படிக்கிற படிப்பு என்னத்துக்குத்தான் ஆவும்? அனுப்பவா, நிறுத்தவா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

மேடையில் ஏறினால் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் நாம். அன்று திண்ணையில் ஒரு நிமிஷம் பேச வாய் வரவில்லை. "படிப்பு வீண் போகாதும்மா" என்றோம். அது பதில் ஆகாது என்று அவருக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. இந்த ஒரு மாதமாக உங்களில் பலரையும், உங்கள் ஆசிரியர்கள் சிலரையும் பிடித்து உட்கார வைத்துக் கேட்டோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

வேறு இடம் கிடைக்கவில்லை

ஏன் வரலாறு எடுத்தாய் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கிடைச்சுது, சேந்தேன்." கலந்தாய்வில் மார்க் வரிசைப்படிதான் அழைக்கிறார்கள். பி.காம். இடங்களும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களும் முதலில் தீர்ந்து போகின்றன. மார்க் குறைந்தவர் உள்ளே போகும்போது என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் அவர் படிப்பு. பள்ளியில் எடுத்த குரூப்பே பாதி விதியை எழுதிவிடுகிறது. கணக்கு வராது, டியூஷனுக்குப் பணம் கிடையாது என்று பதினொன்றாம் வகுப்பில் கலைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பிள்ளை, கல்லூரிக்கு வந்தபிறகு பௌதிகம் படிக்க முடியுமா?

பெண் பிள்ளைகள் சொன்ன காரணம் வேறு. "இந்தக் காலேஜ்னா பஸ்ஸுல போயிட்டு இருட்டுறதுக்குள்ள வந்துடலாம், அதனால அப்பா விட்டாரு" என்றது ஒரு பெண். 2021-ல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. நகரத்தில் வசதியாக இருப்பவர்களுக்கு இந்தச் சில்லறை அற்பமாகத் தோன்றும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வீட்டில், மூன்று வருஷம் தள்ளிப் போட வைத்த காசு இதுதான் என்று இரண்டு பெண்கள் நம்மிடம் சொன்னார்கள்.

பையன்களில் சிலர் பிற்பகல் வகுப்புக்காகவே வந்தவர்கள். விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார்கள், முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள், அப்புறம் குளித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். ஆய்வகம் உள்ள படிப்பு என்றால் இப்படி வர முடியாது. முகலாயர் ஆட்சி முறை நடக்கும்போது தூங்கி விழுந்தால் ஆசிரியர் கோபித்துக்கொள்வதில்லை, அவருக்கும் காரணம் தெரியும்.

ஆசைப்பட்டு வந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து கீழடிக்குக் கூட்டிப்போனபோது உறைகிணற்றைப் பார்த்து மயங்கி, "இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் ஒருவர். எட்டாம் வகுப்பு டீச்சர் சரித்திரப் பாடத்தைக் கதையாகச் சொன்னார், தானும் அப்படி டீச்சர் ஆகவேண்டும் என்று வந்த பெண் ஒருவர். ஆனால் இந்த இருவர்கூட மற்ற துறைக்காரர்கள் "ஹிஸ்டரியா?" என்று இழுத்துக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

எதற்காகக் குனிய வேண்டும்? அதைப் பற்றித்தான் நமக்கு உங்களோடு சண்டை.

அன்று படித்தவர்கள் யார்?

சென்னை சர்வகலாசாலை 1857-ல் ஏற்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய கல்லூரிகளில் சரித்திரம் படித்தவர்கள் யார்? மிராசுதாரர் வீட்டுப் பிள்ளைகள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் அசோகன் மீதும் அக்பர் மீதும் கொண்ட காதலால் படித்தார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பட்டம் வாங்கினால் சட்டக் கல்லூரி, அங்கிருந்து ஹைகோர்ட்டு. அல்லது டெபுடி கலெக்டர். கெட்டிக்காரனாகவும் பணக்காரனாகவும் இருந்தால் லண்டன் போய் ஐ.சி.எஸ். அவர்களுக்கும் சரித்திரம் ஒரு ஏணிதான். அவர்களைப் பார்த்து யாரும் "ஹிஸ்டரியா?" என்று இழுக்கவில்லை. ஏணியில் ஏறுகிறவன் மிராசுதார் மகன் என்றால் அது லட்சியம், பண்ணையாள் பேரன் என்றால் அது பிழைப்பு. இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்தக் கூட்டத்திலிருந்து பெரிய அறிஞர்களும் வந்தார்கள். 1914-ல் சென்னை சர்வகலாசாலையில் இந்திய சரித்திரத்துக்குத் தனித் துறை ஏற்பட்டு, எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் முதல் பேராசிரியரானார். பின்னால் வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர்களைப் பற்றி 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக எழுதியதைத் தாண்டாமல் இன்றைக்கும் யாரும் சோழர் சரித்திரத்துக்குள் போக முடியாது. எப்பேர்ப்பட்ட உழைப்பு! அதைக் குறைத்துப் பேச நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அதெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. 1960-ல் கோவை சர்க்கார் கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். அதன் பிறகு சின்ன ஊர்களில் கல்லூரிகள் வந்தன. குடியானவன் மகன் வந்தான், கூலிக்காரன் மகன் வந்தான், கடைசியாக அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். இங்கே கையைத் தூக்கச் சொன்னால், வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்று முக்கால்வாசிப் பேர் தூக்குவீர்கள்.

இதன் அர்த்தம் என்ன என்று கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. அதன் கல்வெட்டுகளை நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்கள். கோயிலுக்கு வருமானம் தரும் ஊர்களைச் சொல்லி, ஒவ்வொரு ஊரிலும் இறை நீக்கிய நிலம் எது எது என்று அதில் பட்டியல் வருகிறது. குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லே அதில் இருக்கிறது. ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்காவது பெயரும் வீட்டு வரிசையும் கல்லில் உண்டு. வயலில் இறங்கியவர்கள் இருந்த சேரிக்கு எல்லை மட்டும் உண்டு, பெயர் கிடையாது. ஆயிரம் வருஷம் கழித்து அந்தச் சேரியிலிருந்து ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து இந்தக் கல்வெட்டைப் படிக்கிறது. படித்துவிட்டு "கிடைச்சுது, சேந்தேன்" என்கிறது!

நூற்று எண்பது பேருக்கு ஒரு நாற்காலி

சரி, பெருமை பேசினால் சோறு வேகாது. வேலைக்கு வருவோம்.

உங்களில் அதிகம் பேர் நம்பியிருப்பது குரூப் தேர்வு. பொது அறிவுத் தாளில் தேசிய இயக்கமும் தமிழ்நாட்டு வரலாறும் வருகின்றன, ஆகவே வரலாறு படித்தால் உதவும் என்பது சரியான யோசனைதான். தமிழில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கும் 2010-ம் வருஷத்துச் சட்டமும், 2020-ல் அதைத் திருத்திப் பள்ளியிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கியதும் உங்களுக்கு அனுகூலமே. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2022-ல் குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்கள் என்று அறிவித்தார்கள். பரீட்சை எழுதியவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைப் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அப்படியும் நூற்று எண்பது பேருக்கு ஒரு நாற்காலி. அந்தத் தேர்வுக்கு வேண்டிய படிப்பு என்ன? பத்தாம் வகுப்பு! வயது தடுக்காவிட்டால் நாமும் எம்.ஏ. படித்த உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதலாம்.

வாத்தியார் உத்தியோகமா? பி.ஏ. மூன்று வருஷம். பி.எட். 2015 முதல் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அப்புறம் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் உத்தரவு போட்டார்கள். ஐ.ஏ.எஸ். கனவு காண்கிறவர்களும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறீர்கள், காணுங்கள். முதல்நிலைத் தேர்வின் கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும்தான் அச்சாகிறது என்பதையும், சென்னை அண்ணாநகரில் ஒரு வருஷம் தங்கிப் பயிற்சி பெற வேண்டுமானால் ஒரு காணி நிலத்தை விற்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு காணுங்கள். காணி நிலம் உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகலாம் என்றால், அங்கேயும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. எம்.பில். 2022-ல் எடுபட்டுப் போயிற்று. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை அதே வருஷம் மத்திய சர்க்கார் நிறுத்தியது. நெட் தேர்வில் உதவித்தொகை பெறும் அளவுக்குத் தேறியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள், நல்லது. அப்படித் தேறாமல் மத்திய சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி செய்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய்தான் இருந்தது. 2015-ல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். டில்லியில் மாணவர்கள் யு.ஜி.சி. ஆபீஸ் வாசலில் ராப்பகலாக உட்கார்ந்த பிறகுதான் அந்த 8,000 தப்பியது.

முனைவர் பட்டமும் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்? கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம்! தற்காலிக ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-ல் யு.ஜி.சி. வழிகாட்டியது. நம் மாநிலத்துக் கல்லூரிகளில் பல வருஷங்கள் கொடுத்தது 20,000, பிறகு 25,000. அதுவும் பதினொரு மாதம்தான், மே மாதம் வயிற்றுக்கு விடுமுறை. பின்வரிசையில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் போன மே மாதம் கல்யாண மண்டபத்தில் கணக்கு எழுதினார். தம்மிடம் படித்த பையன் அதே மண்டபத்தில் சாம்பார் வாளியோடு நின்றான் என்று அவரே சொன்னார், சொல்லவும் சொன்னார். குருவும் சிஷ்யனும் சந்தித்த இடத்தைப் பாருங்கள்!

வேலை இருக்கிறது, உத்தியோகம் இல்லை

சரித்திரம் படித்தவனுக்கு வேலையே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறோம். ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் 1886-ல் சென்னையில் கல்வெட்டு ஆய்வாளராக வந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் முதலாவது 1890-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை போய்விட்டது? நாட்டில் படியெடுத்த கல்வெட்டுகளில் பெரும்பங்கு தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றில் பெரும்பகுதி இன்னும் முழுப் பாடமாக அச்சேறவில்லை. படிகள் மைசூரில் இருந்தன. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் ஹைகோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மாநிலத் தொல்லியல் துறை 1961-ல் ஏற்பட்டது. அது எம்.ஏ. முடித்தவர்களுக்கு இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, உதவித்தொகையும் உண்டு. இடங்களோ மிகக் குறைவு. இப்படி ஒரு படிப்பு இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியவில்லை என்பதைப் பார்த்து நமக்கு வருத்தமாயிருந்தது.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, பிறகு மாநிலத் துறை எடுத்துக்கொண்டது. அங்கே கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே நகர வாழ்வு இருந்தது என்று 2019-ல் மாநிலத் துறை அறிக்கை வெளியிட்டது. 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2025-ல், முதலில் தோண்டியவரின் அறிக்கையைத் திருத்தித் தரும்படி மத்தியத் துறை கேட்டு, அது பெரிய தகராறாயிற்று. ஒரு குழியின் ஆழமும் ஒரு கரித்துண்டின் வயதும் டில்லி வரை சண்டையைக் கிளப்புகின்றன. மத்திய சர்க்காரின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் முகலாய அரசவையைப் பற்றிய அத்தியாயமே 2023-ல் காணாமல் போயிற்று. சரித்திரம் பயனற்ற படிப்பு என்றால் ஆளுகிறவர்கள் ஏன் அதில் இவ்வளவு அக்கறையாகக் கத்தரிக்கோல் போடுகிறார்கள்?

செய்யவேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது. சம்பளம் கொடுத்து அதைச் செய்விக்கத்தான் ஆள் இல்லை. மாவட்டத்துக்கு ஓர் ஆவணக் காப்பகம், கல்வெட்டுப் பட்டயப் படிப்பில் அதிக இடம், கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர், இவை நீங்கள் கேட்கவேண்டிய கோரிக்கைகள். இவை எல்லாம் கிடைத்துவிட்டால் இந்த அறையில் உள்ள அத்தனை பேருக்கும் வேலை வந்துவிடுமா? வராது. அப்படிச் சொன்னால் ஏமாற்றியதாகும்.

உங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். கைடு வாங்கி வருஷங்களை உருப்போடுகிறீர்கள். தமிழில் புத்தகம் இல்லை என்று சொல்வதில் பாதி உண்மை. கே.கே. பிள்ளை எழுதிய தமிழக வரலாறு இருக்கிறது, கோசாம்பியும் ரொமிலா தாப்பரும் தமிழில் வந்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நா. வானமாமலை 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, நாட்டுப்புறப் பாட்டுகளையும் கதைகளையும் சரித்திரச் சான்றாக எடுத்து எழுதினார். அவருக்கு எந்த சர்வகலாசாலை நாற்காலியும் இருக்கவில்லை. நூலகத்தில் இந்தப் புத்தகங்களைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

திண்ணைக்குத் திரும்புவோம். அன்று தாயார் கேட்டபோது மூலையில் பாட்டி ஒருவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். பேச்சை மாற்றுவதற்காக, "பாட்டி, பண்ணையாள் சட்டம் வந்தது நினைவிருக்கிறதா?" என்று கேட்டோம். 1952-ல் தஞ்சை ஜில்லாவுக்கென்று வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அது. பாட்டி உரலை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் இல்ல? எனக்கு ஒம்பது வயசு இருக்கும். சட்டம் வந்துது, எங்கப்பன ஆண்ட பண்ணைய விட்டு நிறுத்திட்டாரு. பண்ணையாளா இருந்தாத்தானே சட்டம், கூலியாளுன்னா சட்டம் ஏதுன்னாரு."

பேரன் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. சட்டம் போட்டதும் மிராசுதாரர்கள் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் பாட்டி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். போட்டித் தேர்வில் சட்டம் வந்த வருஷத்தைக் கேட்டு, நாலு விடை கொடுத்து ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்வார்கள். சட்டம் வந்த பிறகு பாட்டியின் தகப்பனார் எங்கே போனார் என்று கேட்கமாட்டார்கள். அதைக் கேட்கத் தெரிந்தவர் அந்தப் பேரன்தான்.

போன வாரம் மறுபடி அந்த வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் நேராகச் சொன்னோம்: "இந்தப் படிப்பு வேலைக்கு ஜாமீன் கொடுக்காதும்மா. பனியன் கம்பெனியும் கொடுக்காது, ஆர்டர் இல்லையென்றால் அங்கேயும் திருப்பி அனுப்பிவிடுவான். இப்போது நிறுத்தினால் குரூப் 2, பி.எட்., கல்வெட்டுப் படிப்பு மூன்றும் ஒரே நாளில் போய்விடும். இன்னும் ஒரு வருஷம் பாருங்கள். அரியருக்குக் கட்டவேண்டிய பணத்துக்கு நாங்கள் வழி பார்க்கிறோம்." அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "தீவாளி வரைக்கும் பாப்போம்" என்றார். அதற்குமேல் அவரை நிர்ப்பந்திக்க நமக்கு உரிமை இல்லை. அந்த வீட்டுக் கடன் கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்குப் போகிறோம். பாட்டி வயதில் இன்னும் நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். பண்ணையில் என்ன கூலி, எந்த மரக்காலில் அளந்தார்கள், 1952-க்குப் பிறகு யார் யார் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். உங்கள் ஆசிரியர்கள் இருவரும் கேள்விகளைத் தயாரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் காலை 7 மணிக்கு. நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள், செல்போனில் சார்ஜ் இருக்கட்டும். சாப்பாடு அந்த வீட்டில்தான். பரிமாறத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.